உள்ளூர் விலை

நாங்கள் அறுபதடியில் சறுக்கு வைத்தோம்.
எதிரே அவர்கள் எழுபத்திரண்டு வைத்தார்கள்.
நாங்கள் அலைக்குளம் வெட்டினோம்.
அவர்கள் ஒரு சோம்பேறி ஆற்றை வட்டமாய் ஓடவிட்டு
ரப்பர் வளையத்தில் ஆளை மல்லாத்திப் போட்டார்கள்.
நடுவே சேலம் கொச்சி ரோடு.

யார் ஜெயிக்கிறார்கள் என்பது
ஆடிட்டருக்குத் தெரியாது,
தண்ணி லாரி சதாசிவத்துக்குத் தெரியும்.
இரண்டு பக்கமும் அவர்தான் ஊற்றுகிறார்.
ஆள் ஏற ஏறத் தெறிச்சுக் கொறையுமுங்க,
இன்னைக்கு இங்க மூணு நடை, அங்க நாலு
என்பார், ரசீதை நீட்டிக்கொண்டே.

நான் இரண்டாம் கவுண்டர்.
எனக்கு இரண்டு பொத்தான்:
உள்ளூர் ஐந்நூற்று ஐம்பது,
வெளியூர் எண்ணூற்று ஐம்பது.
வெளியூர்க்காரர் பாலக்காட்டு வேனில் வருவார்
ஊட்டிக்குப் போகிற வழியில்.
துண்டை மறந்திருப்பார்,
நூற்றெண்பது கொடுத்து எங்கள் துண்டை வாங்குவார்.
உள்ளூர்க்காரர் எதையும் மறப்பதில்லை.
டயப்பர் பைக்குள் புளிசாதம் வரும்.

ரெண்டும் வேணும் என்பார் மேனேஜர் கனகாசலம்.
அவுங்க லாபம், இவுங்க கூட்டம்.
கூட்டமில்லாத கொளத்துல
எவன் எறங்குவான்?

உள்ளூர் என்றால்
ஆதாரில் பின்கோடு ஆறு நாலு ஒன்று,
இல்லாவிட்டால் ஆறு மூணு எட்டு என்று தொடங்கவேண்டும்.
அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு ஒரு துபாய்க் குடும்பம்.
போய்ப் பதினாறு வருஷம்.
பையன் தமிழை சூயிங்கம் மாதிரி
கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தான்.
அட்டையில் கவுந்தப்பாடி.
உள்ளூர்.

அடுத்தது சுகன் மஹதோ.
சிப்காட்டில் சாயப்பட்டறை, ஒன்பது வருஷம்,
நகக்கண்ணில் நீலம்.
மனைவி, இரண்டு பெண்கள்.
அட்டையில் ஜார்க்கண்ட், கிரிடீஹ் மாவட்டம்.

ஏனுங்க்கா, என்றாள் மூத்தவள் பிங்கி,
கண்ணாடி ஓட்டைக்கு எட்டாமல் எக்கி.
நாங்க பணிக்கம்பாளையந்தானுங்.
ஸ்கூலு அங்கதானுங்.
ரேஷன் கடைக்கு எதுத்த சந்துங்.
கொறச்சுக் குடுங்.

பின்னால் வரிசை நெளிந்தது.
என் விரல் எந்தப் பொத்தானிலும் இல்லை.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன்.
அன்று காலைதான் அவர்கள் பலகை ஏற்றியிருந்தார்கள்:
கொங்குத் தமிழ்ல பேசுங்க,
முந்நூறு ரூபா கொறச்சுக்குங்க!

அக்கட்டால போ கண்ணு, என்றேன்,
இக்கட்டால சம்பளம் வாங்குகிற நான்.

சாயங்காலம் சதாசிவம் சொன்னார்,
அங்க அஞ்சு நடைங்க.

கனகாசலம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.
நாலாம் நாள் எங்கள் பலகை ஏறியது,
அவர்களுடையதைவிட இரண்டடி அகலம்:
மூணு கொங்குச் சொல், பாதி விலை!

ஞாயிறு காலை முதலில் வந்தது
கோயமுத்தூரிலிருந்து ஒரு கான்வென்ட் கூட்டம்.
ஒருவன் போனைப் பார்த்துப் படித்தான், திணறினான்.
இன்னொருவன் அம்மாவுக்கு அடித்தான்,
அம்மா தன் அம்மாவைக் கேட்டுச் சொல்வதாய்ச் சொன்னாள்.

பதினொரு மணிக்கு பிங்கி.
கூடவே லைன் வீட்டுப் பொடிசுகள் பதினாலு,
ஒடியாவும் போஜ்புரியும் பேசிச் சண்டையிட்டபடி.
கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் நிமிர்ந்தார்கள்.

வட்டல். போசி. பொடக்காளி.
ஒறம்பரை. நோம்பி. அட்டாலி.
சொன்னதையே சொன்னால் செல்லாது என்று
பிங்கியே திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.
கடைசிப் பொடியனுக்குச் சொல் தீர்ந்துபோனது.
யோசித்து மூன்று கெட்ட வார்த்தை சொன்னான்.
மூன்றும் சுத்தமான கொங்கு.
பாதி விலை அடித்தேன்.

கனகாசலம் வெளியே ஓடினார்.
பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து,
நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்கிற
அந்தப் பொடி எழுத்தைத் தேடினார்,
இந்த மூலை, அந்த மூலை.

பிரிண்ட் அடித்தவன் விட்டுவிட்டிருந்தான்.

முதுகுக்குப் பின்னால் தண்ணி லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
நகருங்க சார், நாலாவது நடை.